ரிசல்ட்டுக்கு முன்னாடி சொன்ன சாட்சி

எனக்காக நாலு பொம்பளைக வாரம் தவறாம வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தாவ. நான் ஒண்ணும் ஆஸ்பத்திரியில கெடக்கல. ஜெயில்லயும் இல்ல. காலேஜுல இங்கிலீஷ் பேப்பர் பெயிலாயிருந்தேன், அவ்வளவுதான்.

மூணு வருஷம் காலேஜுல இருந்தேன். படிச்சேன்னு சொன்னா எங்க வாத்தியாருக சண்டைக்கு வந்துருவாவ. அதனால இருந்தேன்னே வச்சுக்கிடுவோம். கடைசி பெஞ்சு இருந்துச்சு, அதுக்கு மேல சுத்தாத ஃபேன் ஒண்ணு இருந்துச்சு, நடுவுல நான் இருந்தேன். மூணு பேருல ஒருத்தரும் படிக்கல. இப்ப இத எழுதுததுலயும் பிழை கெடக்கும். யாரும் சிவப்புப் பேனாவ எடுத்துராதீங்க. அந்தக் கலர நான் நெறயப் பாத்துட்டேன்.

எங்க ஊரு கோவில்பட்டியிலருந்து கிழக்க, பஸ்ஸுல முக்கா மணி நேரம். ரெண்டு பக்கமும் கரிசக்காடு. மழ பேஞ்சா சகதியில போன செருப்பு திரும்ப வராது. பெய்யலன்னா வெடிப்புக்குள்ள போன செருப்பு திரும்ப வராது. ஊருல ஒரு முப்பது வீடு கிறிஸ்தவங்க, எங்களுக்குன்னு சின்னதா ஒரு கோயில். சர்ச்சுன்னு நாங்க சொல்றதில்ல, கோயில்னுதான். குருவானவர் மாசத்துக்கு ஒருக்கா வருவாவ. மத்த வாரமெல்லாம் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவாவ.

வீட்டுல அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவுக்கு மூணு ஏக்கர் மானாவாரி. வானம் பாத்துக் குடுத்தாத்தான் சோறு. அக்கா என்னவிட வயசுல ரெண்டு வருஷம் மூப்பு, மூளையில இருவது வருஷம் மூப்பு. பன்னெண்டாப்புல அவ வாங்குன மார்க்க, என் பத்தாப்பு மார்க்கயும் பன்னெண்டாப்பு மார்க்கயும் சேத்துக் கூட்டுனாக்கூட எட்ட முடியாது. ஆனா அவ முடிச்ச வருஷம் மழ ஏமாத்திருச்சு. மக்காச்சோளம் முழங்கால் உசரத்துலயே கருகிப் போச்சு. "ஒரு வருஷம் போகட்டும் தாயி"ன்னாவ அப்பா. அவளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனா. எங்க பக்கம் தீப்பெட்டி செய்யுற எடத்த ஆபீஸ்னுதான் சொல்லுவோம். சேரும் கெடயாது மேசயும் கெடயாது. வரிசையா உக்காந்து பெட்டியில குச்சி அடைக்கணும். பெருமைக்கு மட்டும் ஆபீஸ்.

அந்த ஒரு வருஷம் ரெண்டாச்சு. அதுக்குள்ள நான் பன்னெண்டாப்பத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துட்டேன். எனக்குச் சீட்டும் கெடச்சிருச்சு. யாரு செஞ்ச புண்ணியமோ.

அப்பா தீர்ப்பு சொன்னாவ. "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல சுமக்க எனக்குத் தெம்பு இல்ல. இவன் மொதல்ல முடிக்கட்டும். முழுசா முடிச்சு வெளிய வந்த அன்னைக்கு நீ ஆபீஸ விட்டுட்டுக் காலேஜுக்குப் போ. அது வரைக்கும் நீதான் வீட்டத் தாங்கணும்."

அக்கா சரின்னுட்டா. அப்புறம் என்னயக் கொல்லைப் பக்கம் இழுத்துட்டுப் போனா.

"ஏலே, மூணு வருஷம். மூணே மூணு. நாலாவது வருஷம்னு எம் முன்னால வந்து நின்ன, குச்சிக்குப் பதிலா ஒன்னய மடக்கிப் பெட்டியில அடைச்சுப்புடுவேன்."

"பெட்டி பத்தாதேக்கா."

"மண்டைய மட்டும் அடைச்சா போதும். அது காலியாத்தான இருக்கு, நல்லா மடங்கும்."

நான் கடைசி வருஷம் வந்தப்ப அவ ஒரு நாளு லீவு போட்டுட்டுப் போயி விசாரிச்சுட்டு வந்தா. காலேஜுல சேர வயசு வரம்பு இருக்காம். வாற வருஷம் சேந்தா உண்டு, அத விட்டா அவளுக்கு வயசு தாண்டிரும். நான் பாஸானா அக்காவுக்குக் காலேஜு. பெயிலானா அவளுக்கு ஆயுசுக்கும் குச்சி. இத எங்கிட்ட யாரும் ரெண்டு தடவ சொல்லல. சோறு போடும்போது அவ வெரல்ல ஒட்டியிருக்க தீக்குச்சி மருந்து வாடையே சொல்லும்.

மத்த பேப்பரெல்லாம் திருத்துனவங்களோட நல்ல மனசுல தேறிட்டேன். மொத வருஷத்து இங்கிலீஷ் ஒண்ணு மட்டும் கட்டுன பொண்டாட்டி மாதிரி கூடவே வந்துச்சு. நாலு தடவ எழுதுனேன். நாலு தடவயும் அது என்னய விடல.

நான் ஜெபம் பண்ணாதவன் இல்ல கேட்டுக்கோங்க. படிக்கிறதுக்குப் பதிலா ஜெபம் பண்றவன். பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து கண்ண மூடிட்டேன்னா கோவில்பட்டி வர்ற வரைக்கும் தெறக்க மாட்டேன். கண்டக்டர் அண்ணாச்சி தூங்குதான்னு நெனச்சுத் தட்டி எழுப்புவாவ. பாதி நாளு அவிய நெனப்பு சரிதான். மீதி நாளு ஆண்டவர்கிட்ட பேரம் பேசிட்டு இருப்பேன். இந்தத் தடவ பாஸாக்கி விடும், சினிமாவ விட்டுருதேன். சினிமாவ விட ஏலாது, கட்டிங் டீய விட்டுருதேன். ஞாயித்துக்கெழம கட்டாயம் வாரேன். சரி, மாசத்துல மூணு ஞாயிறு. இங்கிலீஷ் புஸ்தகத்தத் தெறக்கேன்னு மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல. செய்ய முடியாதத சாமிகிட்டச் சொல்லக் கூடாது பாருங்க.

கூடப் படிச்ச சேக்காளி ஒருத்தன், "ஒங்க சாமிக்கு இங்கிலீஷ் பேப்பர் சேராது போலலே, எங்க அம்மங்கிட்டயும் ஒரு மனு போட்டு வைப்போம்"னு என் பேருக்கு அர்ச்சனை பண்ணப் போனான். பூசாரி ராசி, நட்சத்திரம் கேட்டாராம். எனக்கே தெரியாது, அவனுக்கு எப்படித் தெரியும்? "அவனுக்கு எந்த நட்சத்திரமும் நல்லா இல்ல சாமி, பொதுவாப் பண்ணுங்க"ன்னுட்டு வந்துட்டான். நல்ல பய.

அஞ்சாவது தடவ எழுதப் போறப்பத்தான் அம்மா அந்த வேலையச் செஞ்சா. எங்க கோயில்ல பொம்பளைக சங்கம் உண்டு. அதுல ஒரு பெரியம்மா, சொந்தம் கெடயாது, ஊருக்கே பெரியம்மா, அவதான் தலைவி. அம்மா அவகிட்ட ஜெபக்குறிப்புக் குடுத்துட்டா. பெரியம்மா அதக் கோயில் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டா. 'நம் சபை வாலிபத் தம்பி ஒருவருக்கு இங்கிலீஷ் பேப்பரில் நீண்ட நாள் தடை. உபவாசத்துடன் ஜெபிக்கவும்.' பேரு போடல. போடணுமா என்ன? முப்பது வீட்டுலயும் காலேஜு போற வாலிபத் தம்பி நான் ஒருத்தன்தான். அதுக்குக் கீழ இருவத்தேழு பேரு கை கூப்புற பொம்மையப் போட்டிருந்தாவ. அப்பாவும் ஒண்ணு போட்டிருந்தாவ.

அன்னையிலருந்து நாலு பொம்பளைக வெள்ளிக்கிழமை காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம, சாயங்காலம் வரைக்கும் கோயில்ல முழங்கால் போட்டாவ. அதுல ஒருத்திக்குச் சுகரு. ஒருத்தி காட்டு வேலைக்குப் போயிட்டு நடுவுல ஓடியாந்து முழங்கால் போட்டுட்டுத் திரும்பப் போவா.

பரீட்சையும் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்துச்சு. ஒரே ஒரு கட்டுரைய மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன், ரயில் பயணத்தப் பத்தி. வந்த தலைப்பு சுற்றுச்சூழல். நான் என்ன செய்ய? சுற்றுச்சூழல்னு தலைப்ப எழுதிட்டு, கீழ ரயில ஓட்டிட்டேன். சன்னலுக்கு வெளிய மரம் தெரிஞ்சிச்சுன்னு ஒரு வரி இருந்துச்சு. அதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன்.

வெளிய வந்து சேக்காளிகளோட புரோட்டாக் கடைக்குள்ள நொழஞ்சேன். ஆறாவது புரோட்டாவப் பிச்சுப் போட்டுச் சால்னா ஊத்தும்போது போனு அடிச்சிச்சு. பெரியம்மா.

"ஏய்யா, எப்படி எழுதுன?"

"நல்லா எழுதுனேன் பெரியம்மா." வாயில புரோட்டா.

"கொரலு ஒரு மாதிரி இருக்கே?"

"தொண்ட கட்டியிருக்கு."

"நாங்க இன்னும் முடிக்கலய்யா. அஞ்சு மணி வரைக்கும் ஒனக்காக நிப்போம். நீயும் காலையிலருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட. ஒடம்பப் பாத்துக்கோ ராசா."

போன வச்சிட்டு எலையப் பாத்தேன். மிச்சத்த எடுத்துச் சேக்காளி எலையில போட்டேன். அவன் ஏன்னு கேக்கல, தின்னான். அவனுக்கு என்ன, அவனுக்காக யாரும் பட்டினி கெடக்கல.

பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டுக்குக் காத்துக்கெடந்த நாளுகதான் கொடும. ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல செருப்பப் போடுததுக்குள்ள நாலு பேரு கேட்டுருவாவ. "தம்பி, வந்துட்டா?" "இன்னும் இல்லண்ணாச்சி." "எய்யா, வந்துட்டா?" "இல்ல பெரியம்மா." பெரியம்மா மூஞ்சி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சின்னதாகிட்டே போச்சு. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தருக்காக எல்லாரும் சேந்து ஜெபம் பண்ணா, காரியம் முடிஞ்சதும் அந்த ஆளு ஆராதனையில எந்திரிச்சு நின்னு நடந்தத எல்லாருக்கும் சொல்லணும். சாட்சின்னு பேரு. பெரியம்மா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தா. நாலு பேரு பட்டினிக்கு அதுதான் கூலி.

அப்படி ஒரு ஞாயித்துக்கெழம. ஆனிக் காத்து கதவத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. உபதேசியார் பிரசங்கத்துல காட்டுப் பக்கம் போயிட்டாவ. அவியளும் காடு வெதைக்கிற சம்சாரிதான்.

"நம்ம புரட்டாசியில என்ன செய்யுதோம்? மழ பேஞ்ச பொறகா விதைக்கோம்? புழுதியில விதைக்கோம். வானத்துல ஒரு மேகம் இருக்காது. பக்கத்து டவுன்காரன் பாத்தா பைத்தியக்காரப் பயலுகம்பான். நாம வெதையக் காஞ்ச மண்ணுக்குள்ள போட்டுட்டு, மழ வரும்னு சொல்லிட்டு வீட்டுக்கு வாறோம். அதான் விசுவாசம். வந்த பொறகு நன்றி சொல்லுதது எல்லாவனும் செய்வான். வாறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு நன்றி சொல்லுங்க பாப்போம்."

எனக்குள்ள என்னமோ சுர்ருன்னு ஏறுச்சு. வெளையாட்டுக்குச் சொல்லல, அந்த நேரம் நெசம்மாவே நம்புனேன். அஞ்சு தடவயா சும்மா கேட்டுக்கிட்டே இருந்தனே, ஒரு தடவயாச்சும் வாங்கிட்டேன்னு சொன்னனா? அதான் தடையா இருக்கும்னு தோணிச்சு. பெரியம்மா மூஞ்சியும் கண்ணுல பட்டுச்சு. அந்தப் பக்கம் அக்கா தலையில சேலைய இழுத்துப் போட்டுட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தா.

"சாட்சி சொல்றவங்க யாராச்சும் உண்டா?"

எந்திரிச்சுட்டேன்.

"எனக்காக எல்லாரும் ஜெபிச்சீங்க. கர்த்தர் என்னய இங்கிலீஷ் பேப்பர்ல பாஸாக்கிட்டாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

விசுவாசத்துல சொல்லுதேன்னு ஒரு வார்த்த சேத்திருக்கணும். சேக்கணும்னு வாயத் தெறந்தேன். அதுக்குள்ள கோயிலே கை தட்டிருச்சு. பெரியம்மா "அல்லேலூயா"ன்னு ஒரு சத்தம் குடுத்தா பாருங்க, காத்துக்கே கதவு தெறந்துருச்சு. சுகர்காரி எந்திரிச்சு நின்னு ரெண்டு கையயும் தூக்கிட்டா. அப்பா ஆம்பளைக வரிசையில பின்னால உக்காந்திருந்தாவ. மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. எங்கப்பாவுக்குச் சளி பிடிச்சு நான் பாத்ததே இல்ல.

நான் உக்காந்துட்டேன். வாய மூடிட்டேன். வேற என்ன செய்ய, கை தட்டுனவங்ககிட்டப் போயி ஒவ்வொரு கையாத் திருப்பிக் குடுக்க முடியுமா?

மறுநாளு அக்கா ஆபீஸ்ல கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டா, மாசக் கடைசியோட நின்னுக்கிடுதேன்னு. அவ எடத்துக்கு வேற ஆளப் பாக்க ஆரமிச்சுட்டாவ. அன்னைக்குச் சாயங்காலம் அட்டைப் பொட்டியிலருந்து அவ மார்க் லிஸ்ட்ட எடுத்துத் தொடச்சுக்கிட்டு இருந்தா. அஞ்சு வருஷமா யாரும் தொடாத பேப்பரு.

"ஏலே, காலேஜுல மொத நாளு என்ன செய்வாவ?"

"ஒண்ணும் செய்ய மாட்டாவ. பேரு கேப்பாவ."

"அப்புறம்?"

"அப்புறமும் பேருதான் கேப்பாவ. வேற வாத்தியாரு."

அவ சிரிச்சா. "நீ முடிச்சுட்டலே. எனக்கு ஒங் கையப் பிடிச்சுக் கடிக்கணும் போல இருக்கு"ன்னா. நெசமாவே கடிச்சுட்டா. சின்னப் பிள்ளையில கடிக்கிற மாதிரி. எனக்குக் கை வலிக்கல.

அதுக்கப்புறம் ஒரு பத்துப் பன்னெண்டு நாளு. சோறு எறங்கல. அம்மா மட்டன் எடுத்துச் சமைச்சா, அதுவும் எறங்கல. அப்ப எம் பயம் எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

ஒரு நாளு மத்தியானம் கோயில் சாவிய வாங்கப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

"நன்றி சொல்லப் போறியாய்யா?"

"ஆமா பெரியம்மா."

அது இன்னொரு பொய். ஒரு பொய்க்குக் காவலுக்கு இன்னொரு பொய் வேண்டியிருக்கு.

உள்ள யாருமில்ல. ஒரே வெக்க. முழங்கால் போட்டுட்டு வழக்கம் போல ஆரமிச்சேன். ஆண்டவரே, பேப்பர் திருத்துறவருக்கு நல்ல மனசக் குடும். சொல்லிட்டு நிப்பாட்டுனேன். பேப்பரத் திருத்தி முடிச்சிருப்பாவளே. மார்க்கு கம்ப்யூட்டர்ல ஏறியிருக்குமே. நான் இப்பக் கேக்கது என்ன? முடிஞ்சு போனத அழிச்சு எழுதச் சொல்லிக் கேக்கேன். அதுக்குப் பேரு ஜெபமா, களவா? ரயில ஓட்டுனது நான். அத அவரு எப்படி மரமா மாத்துவாரு?

அதுக்கப்புறம் கேக்கதுக்கு என்னட்ட ஒண்ணுமில்ல. பேரம் பேசவும் சரக்கில்ல. சினிமா, டீ எல்லாத்தயும் ஏற்கனவே வித்தாச்சு. சும்மா உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு வாயிலருந்து ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. 'அவள விட்டுராதேயும்.' என்னயப் பத்தி ஒரு வார்த்த இல்லாம நான் பண்ண மொத ஜெபம் அதுதான். பெருமையாச் சொல்லல. இருவத்தியோரு வயசுல மொத தடவன்னா அது கேவலம்தான். ஆனா அதச் சொன்ன பொறகும் மனசு லேசாகல. கல்லு மாதிரி அப்படியேதான் கெடந்துச்சு. ஜெபம் பண்ணா லேசாகும்பாவ. எனக்கு அன்னைக்கு ஆகல.

காலேஜுல அக்கா விண்ணப்பம் குடுக்கப் போன நாளு. நானும் கூடப் போனேன். அவளுக்கு எடம் காட்டணும்லா, அந்தக் காலேஜுல பாடம் தவிர எல்லா எடமும் எனக்குத் தெரியும். வேப்ப மரத்து நெழல்ல நீளமா வரிசை. எல்லாம் சின்னப் பிள்ளைக. நடுவுல அக்கா, பச்சைச் சுடிதாரு போட்டு, ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. முன்னால நின்ன பிள்ளை, "அக்கா, நீங்க யாருக்கு வாங்க வந்துருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. "எனக்குத்தாம்மா"ன்னா. சொல்லும்போது கழுத்து நிமிந்துருச்சு.

அங்கன நிக்கும்போதுதான் சேக்காளி போனு போட்டான். ரிசல்ட்டு விட்டுட்டானாம். நம்பரு தட்டிப் பாத்தேன். ஒரு நம்பர மாத்தித் தட்டி, மொத தடவ வேற எவனோட ரிசல்ட்டோ வந்துச்சு. அவன் பாஸு. ரெண்டாவது தடவ என்னோடது. பெயிலு. நாலு தடவயவிடவும் மார்க்கு கம்மி.

போன பைக்குள்ள போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம். வரிசையில இன்னும் எட்டுப் பேருதான். அவ சேந்த பொறகு சொல்லலாம்னு மனசு சொல்லிச்சு. ஆனா அப்பாவுக்குத் தெரிஞ்ச அன்னைக்கு அவள நடு வகுப்புலருந்து எந்திரிச்சு வரச் சொல்லுவாவளே. அத நெனச்சுப் பாத்தேன்.

"அக்கா."

"என்னலே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"நான் பாஸாகல."

"எதுல?"

"இங்கிலீஷ்ல."

"அதான் பாஸாயிட்டியே?"

"அன்னைக்கு ரிசல்ட்டு வரலக்கா. இப்பத்தான் வந்துருக்கு."

வரிசை ஒரு அடி நகந்துச்சு, அவளும் நகந்தா. அப்புறம் மெதுவாத்தான் கேட்டா. சத்தம் போட்டுருக்கலாம்.

"அப்ப கோயில்ல சொன்னது?"

"உபதேசியார் புழுதி விதைப்பு சொன்னாவள்லா. அத மாதிரி, முன்கூட்டியே..."

"ஏலே, அப்பா புழுதியில வெதைப்பாவ. சரி. வெதை இருக்கும்லா பையில? நீ என்ன வெதைச்ச? வெறும் கலப்பைய ஓட்டிட்டு வந்து ஊரக் கூப்பிட்டு வெள்ளாமைன்னு சொல்லிருக்க."

எதையும் சொல்லிச் சமாளிக்கிற வாயி எனக்கு. அன்னைக்குத் தொறக்கல.

"நான் ஆபீஸ்ல சொல்லிட்டேன்லே. எம் எடத்துல வேற பிள்ளைய உக்கார வச்சுட்டாவ. இப்ப நான் எங்கன உக்கார?"

கண்ணத் தொடச்சா. வரிசைய விட்டுப் போயிருவான்னு நெனச்சேன். போகல. எட்டு ஏழாச்சு, ஏழு ஆறாச்சு, அவ முறை வந்துச்சு. விண்ணப்பத்தக் குடுத்தா. உள்ள இருந்தவரு மார்க்கப் பாத்துட்டு நிமிந்து அவளப் பாத்தாரு. "இவ்வளவு மார்க்க வச்சுக்கிட்டு இத்தன வருஷம் என்னம்மா பண்ண?" அவ திரும்பி என்னயப் பாத்தா. அங்கனயே சீட்டும் போட்டுக் குடுத்துட்டாவ.

பஸ்ஸுல வரும்போது ஒரே ஒரு பேச்சு. "அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி. சொல்லாம இருந்தா களவாணித்தனம். எனக்கு ரெண்டும் வேண்டாம். திங்கக்கெழம கிளாஸு."

அப்பா தொழுவத்துல மாட்டுக்குச் சோளத் தட்டை போட்டுக்கிட்டு இருந்தாவ. சொன்னேன். தட்டையப் போட்டு முடிச்சாவ. கையத் தட்டிக்கிட்டாவ.

"பேசுனது என்ன? நீ முடிச்சாத்தான் அவ போவா."

"அவ எடத்துக்கு நான் போறேம்பா ஆபீசுக்கு. குச்சி அடைக்க முடியாட்டாலும் லோடு ஏத்துதேன். வீட்ட நான் பாத்துக்கிடுதேன். அவ போகட்டும்."

"நீ போவ. மூணு நாளு போவ. நாலாவது நாளு வயித்த வலிக்குதும்ப. நான் அவளக் காலேஜுக்கு அனுப்பிட்டு நீ வயித்தப் பிடிச்சுட்டு உக்காந்தா யாரு வீட்டப் பாக்க?" அவிய கோவமாப் பேசல, அதான் பயம். "கோயில்ல நின்னு சொன்ன. நான் அழுதேன்லே. இனிமே ஒம் பேச்ச நான் எதுல எடுத்து வைக்க?"

நியாயமான கேள்வி. நானே என்னய நம்பி ஒரு சைக்கிளக் குடுக்க மாட்டேன்.

ஞாயித்துக்கெழம ஆராதனைக்குப் போனேன். சாட்சி சொல்றதுக்கு வழக்கம் இருக்கு. சொன்ன சாட்சியத் திருப்பி வாங்குறதுக்கு எங்க கோயில்ல வழக்கமே கெடயாது. யாரும் வாங்குனதில்ல. எப்படி ஆரமிக்கன்னு கூடத் தெரியல. எந்திரிச்சதும் பெரியம்மா மூஞ்சி மலந்துருச்சு, வேலையும் கெடச்சிருச்சுன்னு நெனச்சிருப்பா.

"அன்னைக்குச் சொன்ன சாட்சி நடக்கல. நான் பெயிலு. அன்னைக்கு ரிசல்ட்டே வரல. கர்த்தர் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

கை தட்டுனவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாவ.

"ரிசல்ட்டு வராமலா பாஸுன்ன?" பெரியம்மாதான் கேட்டா.

"ஆமா பெரியம்மா. இன்னொண்ணும் இருக்கு. பரீட்சை அன்னைக்கு நீங்க பட்டினி கெடந்தீங்க. நான் புரோட்டாக் கடையில இருந்துதான் ஒங்ககிட்டப் பேசுனேன்."

"தொண்ட கட்டியிருக்குன்ன?"

"புரோட்டா கட்டியிருந்துச்சு."

பின்னால யாரோ சிரிச்சுட்டாவ. பெரியம்மா சிரிக்கல. அவ மடியில கெடந்த வேதப் புஸ்தகத்த மூடுனா. அந்தச் சின்னச் சத்தம் இருக்கே, அக்கா வரிசையில பேசுனதவிட அது எனக்கு வலிச்சிச்சு. சுகர்காரி என்னயப் பாக்காம செவத்தப் பாத்தா.

உபதேசியார் கண்ணாடியக் கழட்டுனாவ. "தம்பி, நான் சொன்ன பிரசங்கத்தக் கேட்டா அப்படிச் செஞ்ச?"

"ஆமாய்யா."

"அப்ப இதுல எனக்கும் பங்கு உண்டு." சொல்லிட்டு, "ஜெபம் பண்ணுவோம்"ன்னாவ. எல்லாரும் தலை குனிஞ்சோம். அவியளுக்கு வார்த்தையே வரல. எப்பவும் தண்ணி மாதிரி ஓடுற வாயி. கடைசியில ஆமென் மட்டும் சொன்னாவ.

வெளிய வந்ததும் பெரியம்மா என்னயத் தாண்டிப் போனா. ரெண்டு எட்டு போயிட்டு நின்னு, திரும்பாமலே, "வெள்ளிக்கெழம ஒன் அக்காவுக்காகத்தான் இருப்போம். ஒனக்கு இல்ல"ன்னுட்டுப் போயிட்டா. என்னய இன்னைக்கு வரைக்கும் அவ முழுசா மன்னிக்கல. பாத்தா சாப்பிட்டியான்னு மட்டும் கேப்பா. அதுல என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும்.

அப்பா வீடு வர்ற வரைக்கும் முன்னால நடந்தாவ. நான் பின்னால. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டிக் கொடியில போட்டாவ. செம்பத் தூக்கித் தண்ணி குடிச்சாவ. அக்கா அடுப்படி நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. காலேஜுக்குன்னு வாங்குன பையி மூலையில கெடந்துச்சு, அதுல அவ இன்னும் ஒண்ணும் வைக்கல.

அப்பா செம்பக் கீழ வச்சாவ. அவளப் பாக்கல. என்னயப் பாத்தாவ.

"ஆபீஸ் வேன் எத்தன மணிக்குலே வருது?"

எனக்குத் தெரியல. அஞ்சு வருஷமா எங்க வாசல்ல வந்து நின்ன வேன்தான். அது வர்ற நேரம் நான் எந்திரிச்சதே இல்ல.

"ஆறே காலு"ன்னு அக்கா சொன்னா. சொல்லிக்கிட்டே போயி அந்தப் பைய எடுத்து ஒரு நோட்ட உள்ள வச்சா. "ஒரு நிமிஷம் லேட்டானாலும் நிக்க மாட்டான்."

அன்னைக்குப் படுக்கும்போது போன்ல அலாரம் வச்சேன். வச்சிட்டு முழங்காலும் போட்டேன். எந்திரிக்க வேண்டியது நான்லா, அலாரத்த மட்டும் நம்பி எப்படி விட?